மிளகுக் காவலும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

மலைமேல், குண்டூர் நாட்டில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பகலிலும் குண்டு பல்பு எரியும். மண் சுவர், தாழ்ந்த ஓட்டுக் கூரை, குனிந்து நுழைய ஒரே ஒரு வாசல். மலைக்காற்று உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று ஜன்னல் என்ற பேச்சே இல்லாமல் கட்டியிருந்தார்கள். வளப்பூர் நாட்டில் நான் பிறந்த வீடும் அப்படித்தான். அதனால் எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. கீழ்நாட்டில் ஜன்னல் வைத்த வீடுகளைப் பார்க்கும்போது, இவர்களுக்கெல்லாம் குளிராதா என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்பே பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது, கணக்கு மட்டும் முறைத்துக்கொண்டு நின்றது. கல்யாணமான சில மாதங்களில், எங்கள் ஊருக்கு ஒரு பால்வாடி வரப்போகிறது, பத்தாவது தேறிய உள்ளூர்ப் பெண் இருந்தால் அவளுக்குத்தான் டீச்சர் வேலை என்று செய்தி வந்தது. ஊரில் பத்தாவது வரை எட்டிப் பார்த்த மருமகள் நான் ஒருத்திதான். பங்குனியில் பரீட்சை. அதில் தேறாவிட்டால் வேலை வேறு ஊர்க்காரிக்குப் போய்விடும்.

வேலை போனால் போகட்டும், குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டுவதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. என் பயம் வேறு. என் தலைக்குள்ளேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒரு சந்தேகம் எனக்குள் வேர் பிடித்திருந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தால் அது சந்தேகமாக இருக்காது, தீர்ப்பாகிவிடும்.

என் கணவர் தயங்கித் தயங்கித் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். மிளகு அறுப்புக் காலத்தில் ஒரு மருமகளைப் புத்தகத்தோடு உட்கார வைப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். மாமியார் திட்டப்போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"படிக்கட்டும் சாமி," என்றார் அவர். "ஆனா இந்த ஒருக்காத்தான். படிச்சா ஒழுங்கா படிக்கோணும்."

ஒழுங்காகப் படிப்பதற்கு அவரே ஏற்பாடும் செய்தார். உள் அறையைக் கூட்டி மெழுகி எனக்குக் கொடுத்தார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று வந்த இடுக்கையெல்லாம் சாக்கை வைத்து அடைத்தார். வீட்டில் இருந்ததிலேயே நல்ல கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டார். காலையில் கஞ்சி குடித்ததும் என்னை உள்ளே அனுப்பி, பல்பைப் போட்டு, கதவைச் சாத்துவார். யாராவது சத்தமாகப் பேசினால், "மெதுவாப் பேசுங்க, என்ற மருமவ படிக்கறா" என்று வாசலிலிருந்தே அதட்டுவார். எந்த ஊரில் எந்த மாமியார் இதைச் செய்வார்? அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஆள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். சரியான தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைப் பற்றிய தேற்றத்தை எடுப்பேன். மூன்றாம் வரிக்கு வருவதற்குள் முதல் வரி போன இடம் தெரியாது. மறுபடி மேலே போவேன். கம்பளியின் சூடுதான் காரணம் என்று நினைத்து அதை உதறிப் பார்த்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டே தூங்கினேன். மாமியார் வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார், அதைக் குடித்துவிட்டும் தூங்கினேன். பகலெல்லாம் இப்படி வழிந்துகொண்டிருந்தவளுக்கு ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. கடைசியில் என் கணவர் பூசாரியிடம் போய்க் கயிறு மந்திரித்து வாங்கிவந்து கையில் கட்டினார். கயிறும் நானுமாகத் தூங்கினோம்.

"தலைக்குள்ள பஞ்ச வெச்சு அடைச்சாப்ல இருக்குதுங்க," என்று அவரிடம் சொல்லி அழுதேன். பாவம், அவர் என்ன செய்வார்? மூளை இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டோமே என்று நினைக்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்க்கவே கூசினேன்.

இப்போது என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அப்போது ஆறு மாத கர்ப்பம். பள்ளிக்கூடத்தின் கூரையைக்கூட அவள் அண்ணாந்து பார்த்ததில்லை. ஆனால் அவள் வாய்க்கு அந்த ஊரே பயப்படும். யார் வீட்டு ஆடு எந்த அமாவாசைக்குக் குட்டி போட்டது என்பது வரை நினைவில் வைத்திருப்பாள். விடுகதைகளைத் தானே இட்டுக்கட்டி அவிழ்த்துவிடுவாள். வந்த புதிதில் என்னிடம் ஒன்று போட்டாள்: "பச்சப் புள்ளயா வந்தா, கறுத்துச் சுருங்கிக் கெழவியானா, காரம் மட்டும் கொறையல. அவ யாரு சொல்லு?" மிளகு என்று தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இராமல் "அத்தைங்களா?" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அன்றைக்கே நாங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். ஒரே வீட்டு மருமகள்கள் இப்படி இருந்தால் ஊர் சந்தேகப்படும் என்பதற்காக நாலு பேர் முன்னால் முறைத்துக்கொள்வோம்.

தை பிறந்ததும் மிளகு அறுப்பு தொடங்கியது. ஆண்கள் ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தி ஏறிக் கொத்துக் கொத்தாகப் பறித்துப் போடுவார்கள். காலால் மிதித்து உதிர்த்த பச்சை மிளகை வீட்டுக்கு மேற்கே இருந்த அகலமான பாறையில் பரப்பிக் காயவைப்போம். அது கறுத்துச் சுருங்குகிற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோழி வந்து சீய்க்காமல், ஆடு நடக்காமல், திடீரென்று தூறல் போட்டால் வாரிக் கட்டி எடுத்துக்கொண்டு ஓட. பாறைக் காவல் என்று அதற்குப் பேர். மாசமாக இருப்பவளுக்கோ கால் சுளுக்கியவனுக்கோதான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். நன்றாக இருக்கிற ஆள் அங்கே போய் உட்கார்ந்தால் சோம்பேறிப் பட்டம்தான். அந்த வருஷம் அது என் ஓரகத்தியின் இடம். ராணி மாதிரி உட்கார்ந்து, வழியில் போகிற வருகிறவர்களையெல்லாம் கேலி செய்துகொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலையில் நான் உள் அறையிலிருந்து முகம் கழுவ வெளியே வந்தேன். அவள் பாறையிலிருந்து கூப்பிட்டாள்.

"செத்த இங்க உக்காரு புள்ள. இடுப்பு கடுக்குது, ஒரு நடை நடந்துட்டு வாரேன்."

கணக்குப் புத்தகம் கையிலேயே இருந்தது. பனி விலகி வெளிச்சம் பாறை முழுக்கப் பரவியிருந்தது. ஒரு கோழியை விரட்டினேன், மிளகைக் காலால் ஒரு தடவை கிளறிவிட்டேன், பிறகு சும்மா இருப்பானேன் என்று காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எடுத்தேன். ஒரு வாரமாக என்னை அழவைத்த கணக்கு அது. என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் விளக்கத் தெரியாது, நூல் பிடித்த மாதிரி படிப்படியாக இறங்கி விடைக்கு வந்து நின்றது. அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததும் வந்தது. ஓரகத்தி திரும்பி வந்து என் பின்னால் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்புள்ள," என்றாள். "உள்ள இருந்தா கூடை போட்டுக் கவுத்த கோழியாட்டம் கெடக்கறே. இங்க வந்தா கொத்தித் தீக்கறே!"

கோழியைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்துவிட்டால் அது பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்து அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கேலி செய்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னையும் புத்தகத்தையும் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மாமியார் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"அத்தை, பாறை வெயிலு எனக்கு ஒத்துக்கலீங்க. கிறுகிறுன்னு வருது. நான் உள்ள இருந்து சோறாக்கிப் போடறேன். அவ காவலுக்கு இருக்கட்டும்."

"அப்ப இவ படிப்பு?" என்று மாமியார் பதறினார்.

"காவலுக்குக் கண்ணு இருந்தாப் போதுமுங்க. கை சும்மாதான கெடக்குது, புஸ்தகத்தப் புடிச்சுக்கட்டும்."

வெயிலில் உட்கார்ந்து படித்தால் மண்டை காய்ந்து, படித்தது ஆவியாகிவிடும் என்பது மாமியாரின் நம்பிக்கை. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி தலை சுற்றுகிறது என்றால் அதற்கு மேல் என்ன பேச முடியும்? மனசே இல்லாமல் ஒப்புக்கொண்டார். எனக்குச் செய்து வைத்த ஏற்பாட்டையெல்லாம் அப்படியே அவளுக்கு மாற்றினார். அடுப்பு வேலை முடிந்ததும் அதே உள் அறை, அதே கம்பளி, சாத்திய கதவு. "கண்ணு, நீ இருட்டுல அசந்து படுத்துக்கோ" என்று அன்போடு அடைத்தும் வைத்தார்.

அவளுக்குத் தலையும் சுற்றவில்லை, காலும் சுற்றவில்லை. சுத்தப் பொய். வெளியே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிற பிறவி அவள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வைகூடப் பார்க்காமல் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தை மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு நிமிர்கிறது. காலையில் பாறைக்குப் போகும்போது எதிரில் இருக்கிற மரம்கூடத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பனி இளகி, சில்வர் ஓக் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளையாக மின்னத் தொடங்கும்போது என் தலைக்குள்ளும் யாரோ கூட்டிப் பெருக்குவது போல இருக்கும். வெயில் வராமல் மூட்டம் போட்ட நாட்களிலும் அப்படியேதான் இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். வெயிலின் சூடு வேண்டியதில்லை, திறந்த வானம் இருந்தால் போதும். நேற்றுப் படித்தது இன்று அதே இடத்தில் இருந்தது. மாமியார் பயந்தபடி ஒன்றும் ஆவியாகவில்லை. ராத்திரி படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வந்தது.

பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டரம்மா இதைச் சொல்லிக் கேட்டேன். வெளிச்சம் கண்ணுக்குள் போவது பார்ப்பதற்கு மட்டும் இல்லையாம். விடிந்துவிட்டது, எழுந்திரு என்று மூளைக்குத் தகவல் சொல்வதும் அதே வெளிச்சம்தானாம். மூட்டம் போட்ட நாளில்கூட வெட்டவெளியின் வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம், நம் கண் பழகிக்கொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்றார். காலை வெளிச்சம் பட்டால் பகலில் புத்தி தெளிவாக இருக்கும், ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும் என்றார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது என் படிப்பு இல்லை, என் ஓரகத்திதான்.

அவள் உள்ளே போன சில நாளில், முதலில் களியில் உப்பு இல்லாமல் போனது. மறுநாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கர்ப்பிணி, அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். பிறகு அவள் பேச்சு குறைந்தது. மாசி மாதம் ஒரு நாள் பொழுது சாய மிளகை வாரிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவள் அடுப்புக்கு முன்னால் அகப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உற்சாகப்படுத்தலாம் என்று, "அக்கா, ஒரு விடுகதை போடுங்க" என்றேன். என்னைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள். தொடங்கினாள், பாதியில் நின்றாள். எது மிச்சப் பாதி என்று அவளுக்கே தெரியவில்லை.

"வரமாட்டேங்குது புள்ள," என்றாள். "தலைக்குள்ள பஞ்ச வெச்சு அடைச்சாப்ல இருக்குது. ராவுல தூக்கமும் வாரதில்ல."

எனக்குச் சுரீர் என்றது. நான் அழுதுகொண்டு சொன்ன அதே வார்த்தை. அவளைவிடக் கெட்டிக்காரியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவளையே அந்த அறை இப்படி ஆக்கிவிட்டது என்றால், என் தலையில் எந்தக் காலத்திலும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இத்தனை வருஷமாகச் சுமந்த கல் இறங்கிய சந்தோஷம் ஒரு பக்கம். அது இறங்கி அவள் தலையில் உட்கார்ந்திருக்கிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

"நாளையிலிருந்து நீங்க பாறைக்குப் போங்க. நான் உள்ள வாரேன்," என்றேன்.

"அடி போடி. பரிச்ச முடியட்டும். வெயிலு ஒத்துக்கலீன்னு ஊருக்கே சொல்லியாச்சு, இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு மாத்திச் சொல்றது?"

"எனக்கு இந்தப் பாஸ் வேண்டாங்கக்கா."

"எனக்கு வேணும்," என்றாள். அந்த மங்கலிலும் அந்த ஒரு சொல் மட்டும் பழைய கூர்மையோடு வந்தது. நான் விசும்பி விசும்பி அழுதேன். அவள் அகப்பையால் என் முழங்காலில் ஒன்று போட்டுவிட்டுக் களியைக் கிண்டப் போனாள்.

விடிய விடிய யோசித்தேன் என்று சொன்னால் பொய். வெளிச்சத்தில் இருந்தவளுக்கு நல்ல தூக்கம். காலையில் பாறையில் உட்கார்ந்துதான் வழி தோன்றியது. அவள் பாறைக்கு வர முடியாது, சரி. அடுப்பு வரலாமே? பாறை ஓரத்தில் ஒரு பலாமரம் உண்டு. நிழல் கனமாக விழும். வெயில் ஒத்துக்கொள்ளாதவள் நிழலில் இருக்கலாம், ஊர் ஒன்றும் கேட்காது.

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் அடுப்பை வாசலுக்கு வெளியே எடுப்பது பொங்கலன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளில் சமைக்கிற நெருப்பை நாலு பேர் கண் பார்க்கக் கூடாது.

"பொங்கலுக்கு வெளியதானுங்க வெக்கறோம்?"

"ஏஞ்சாமி, தெனமும் பொங்கலா?"

எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சாண்டார், அதுதான் ஓரகத்தியின் கணவர், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தெனமும் உப்பில்லாத களி தின்னறதுக்குத் தெனமும் பொங்கல் தேவலைம்மா."

மாமியார் இறங்கிவந்தார். அன்று மத்தியானமே பலாமரத்தடியில் மூன்று கல் வைத்தோம். கண்ணேறு படாமல் இருக்க ஒரு பக்கம் தட்டி கட்ட வேண்டும் என்பது மாமியார் போட்ட நிபந்தனை. நான் வானத்தை மறைக்காத பக்கமாகப் பார்த்துக் கட்டினேன்.

ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று அளக்க மாட்டேன். முதல் சில நாட்கள் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். அந்த வாரக் கடைசியில், ஏணியைத் தூக்கிக்கொண்டு போன என் கணவரைப் பார்த்து, "கொழுந்தனாரே, ஏணி உங்களத் தூக்கிட்டுப் போவுதா, நீங்க ஏணியத் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். அன்றைய குழம்பில் உப்பும் சரியாக இருந்தது. அதன்பிறகு எனக்குப் பரீட்சை வைத்ததே அவள்தான். அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நான் தேற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மறுநாள் அதையே சொல்லும்போது ஒரு சொல் மாறினால், "நேத்து இப்படிச் சொல்லல" என்று பிடித்துக்கொள்வாள். எந்த வாத்தியாரும் என்னை அப்படி வறுத்தெடுத்ததில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் பஸ்ஸில் மலையிறங்கி, முள்ளுக்குறிச்சியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். காலையில் அவர்கள் பாவம், தனியறை கொடுத்துக் கதவைச் சாத்தி, "உள்ள உக்காந்து நல்லாப் படி கண்ணு" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து வரப்பின் மேல் நடந்துகொண்டே படித்தேன். பரீட்சை நடந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது சுவர் ஓரத்து இடம். வெளிச்சம் அவ்வளவாக இல்லை. ஆனால் காலையில் வாங்கிய வெளிச்சம் உள்ளே தங்கியிருந்தது போல. கேள்வித்தாளைத் திருப்பினேன், கை ஓடத் தொடங்கியது.

சித்திரையில் ஓரகத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜூன் மாதம் ரிசல்ட். என் கணவர் செம்மேட்டிலிருந்து பேப்பரைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். என் நம்பர் இருந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. ஊருக்கு முதல் டீச்சரம்மா என்று ஒருத்தி திருஷ்டி கழித்தாள்.

மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள் அறையைக் காட்டினார். "சும்மா வந்துருமுங்களா? ஒரு சந்து பொந்து விடாம அடைச்சு, கதவச் சாத்தி, ஈ காக்கா சத்தமில்லாம வெச்சிருந்தேனுங்க. இந்த ரூம்புதானுங்க என்ற மருமவளப் பாஸ் பண்ண வெச்சுது!"

எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று, இந்த அறை எங்கள் இரண்டு பேரையும் என்ன பாடு படுத்தியது என்று ஊரறியச் சொல்ல வாயைத் திறந்தேன். குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த ஓரகத்தி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. மாமியார் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அந்த அறையில் ஒருத்தி உட்கார்ந்திருக்காவிட்டால் நான் தேறியிருக்கவே மாட்டேன்.

"ஆமாங்கத்தை," என்றேன், அவளையே பார்த்துக்கொண்டு. "அந்த ரூம்புதானுங்க."

அவள் சட்டென்று குனிந்து குழந்தையின் போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினாள். அது சரியாகத்தான் இருந்தது.